மிஞ்சிய இரண்டு அகல்கள்

உடன்பிறவாவிடினும் அன்பில் குறையாத தம்பி சவரிமுத்துவுக்கு,

அனுமந்தன்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் உம்மை விதைத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. எழுதத் துணியாதிருந்த கை இன்று தானாக எழுதுகிறது. நான் தோற்றுவிட்டேன், தோற்றதில் நெஞ்சு இலேசாகிவிட்டது.

நம் கடைசி வாதம் நினைவிருக்கிறதா? நீர் பாடம் சொல்லும் பள்ளி விட்டு வரும் வழியில் சொன்னீர்: கல் கீழே விழுவது பூமி இழுப்பதனால் அன்று, பூமியின் கனத்தால் வெளியும் காலமும் வளைந்திருக்கின்றன, அந்த வளைவின் வழியே கல் செல்கிறது, என்று ஜெர்மானிய அறிஞர் ஒருவர் கணித்திருக்கிறார்.

"வளையணும்னா வளைய இடம் வேணாமாய்யா? நாம காணாத திசை ஒண்ணு அப்பால இருக்கு. அங்கனதேன் ஈசன் இருக்கான்" என்றேன்.

நீர் சிரித்தீர். "இன்னொரு திசை எதுக்குண்ணே? உள்ளுக்குள்ளயே அளந்து பாத்தா வளைவு தெரிஞ்சுபோகும். சாமிய ஏன் ஊருக்கு வெளியில குடி வைக்கிறீக?"

கடவுளைத் துரத்தும் கணக்கு உம்முடையது என்று சொல்லித் திரும்பி நடந்தேன். ஒரே வாரத்தில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோயிற்று. நான் வந்தபோது உமக்குப் பேச்சில்லை. அதன்பின் பூசையில் அமரும்போதெல்லாம் ஓர் அச்சம்: அந்தத் திசை இல்லையென்றால், நான் யாரை நோக்கிக் கைகூப்புகிறேன்?

நேற்றுத் திருக்கார்த்திகை. கோயிலுக்குப் பின்னாலுள்ள மொட்டைப்பாறை கவிழ்த்த சட்டிபோல் இருக்குமே, அதில் இம்முறை வட்டமாக விளக்கேற்ற எண்ணினேன். உச்சிக் குழியில் முளை நட்டு, ஏழு முழக் கயிற்றைப் பாறையோடு படியவிட்டு வட்டம் போட்டேன். ஏழு முழக் கயிற்றுக்குச் சுற்று நாற்பத்து நான்கு முழம் என்பது பழங்கணக்கு. முழத்துக்கு ஒன்றாக நாற்பத்து நான்கு அகல் வாங்கினேன். வட்டம் நிறைந்தபோது இரண்டு மிஞ்சின.

விளக்கு வைத்த மாரியம்மாளைக் கடிந்தேன். "அகட்டி வச்சுட்டியே ஆத்தா."

"மொழக்குச்சிய வச்சு அளந்துதேன் வச்சேன், சாமி. பாறை வளைஞ்சு கெடக்கு. கணக்க மட்டும் சமதரையில போட்டுட்டு என்னையத் திட்டுறீக."

நானே அளந்தேன். அவள் சொன்னதே சரி: கயிறு பாறையின் சரிவோடு கீழிறங்குவதால் வட்டம் ஒடுங்கி, சுற்று நாற்பத்திரண்டு முழமே இருந்தது. அங்கேயே அமர்ந்துவிட்டேன்.

வானத்தை அறியாத ஓர் எறும்புகூட, பாறையை விட்டு எழாமலே, கயிறும் முழக்கோலும் கொண்டு இதை அறிந்துவிடும். பாறைக்கு மேலே வானம் உண்டு, உண்மை. ஆயினும் வளைவை எனக்குச் சொன்னது வானமன்று. பாறையின்மீதே குறைந்துபோன இரண்டு முழம். வெளியின் வளைவும் அதன் அளவுகளுக்குள்ளேயே இருக்குமானால், அப்பால் ஒரு திசை எதற்கு? இதைத்தானே சொன்னீர்?

நான் நாள்தோறும் ஓதும் மறையும் அவனை உள்நிற்பவன் என்றே சொல்கிறது. ஐம்பது ஆண்டு ஓதியும் அவனை வெளியே நிறுத்திக் கதவடைத்தவன் நான். நீர் துரத்தவில்லை, தம்பி, உள்ளே அழைத்தீர். அன்றே எனக்கு அது கேட்டிருக்கலாகாதா?

மிஞ்சிய அகல்களை இன்று மாலை உம் கல்லறையில் ஏற்றினேன். உம் மனைவி அருகில் நின்றார். "ஒண்ணு போதாதாண்ணே?" என்றார்.

"இது அவுக கணக்கும்மா. ரெண்டுதேன்" என்றேன்.

இனி ஒவ்வொரு கார்த்திகைக்கும், தெரிந்தே, நாற்பத்து நான்கு வாங்குவேன். பாறை நாற்பத்திரண்டை ஏற்றுக்கொள்ளும். மற்ற இரண்டும் உம்மிடம் வரும்.

உம்மிடம் தோற்று நிம்மதி பெற்ற
உம் அண்ணன்,
சிவக்கொழுந்து
உத்தமபாளையம்