கரைப்பட்டி விலக்குக்கு அப்புறம் மூன்று கிலோமீட்டர்

9 ஜூலை, புதன்

காலை 11.17. ஒப்புதல் வந்துவிட்டது. மேலாளர் தங்கராஜ் சார் போன் செய்தார். தெற்குப் பக்கப் புறநகர் பஸ்களுக்கு நான் போட்ட புது அட்டவணை அப்படியே பாஸ். திங்கட்கிழமையிலிருந்து ஓடும்.

"புது பஸ்ஸு இல்ல, புது ஆளு இல்ல, ஒரு சொட்டு டீசல் கூடக் கேக்கல. எப்படிய்யா செஞ்ச?"

நன்றி சார் என்றேன். சந்தோஷம் வரவில்லை. வருத்தமும் இல்லை. 11.17 என்று மட்டும் குறித்துக்கொண்டேன். ஏப்ரலில் என் மனைவி ஹேமா போன நேரம் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 4.40 என்று இருக்கிறது. நான் அப்போது கீழே மருந்து வரிசையில். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் மணி எழுதுகிறேன்.

அட்டவணையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வீணாகும் நிமிடங்களைப் பொறுக்கினேன், அவ்வளவுதான். பெரிதாகக் கிடைத்தது கரைப்பட்டியில். காலை முதல் பஸ் மெயின் ரோட்டு விலக்கில் திரும்பி, மூன்று கிலோமீட்டர் உள்ளே காலனி வரை போய், காத்திருந்து, வெளியே வருகிறது. டிக்கெட் மெஷின் கணக்குப்படி காலனியில் ஒருவர்கூட ஏறுவதில்லை. எல்லோரும் விலக்கில்தான். எனவே பஸ் விலக்கோடு திரும்பட்டும். 20 நிமிடம் மிச்சம். அதையும் மற்ற துண்டு நிமிடங்களையும் சேர்த்து, பழங்காநத்தத்திலிருந்து கோச்சடைக்குப் பள்ளி நேரத்தில் ஒரு நடை கூடுதல்.

நாளை: விலக்கில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஆள் இல்லை, நானே. பசை. கேஸ் புக் செய்ய. தண்ணீர் நாளை வராது, இன்றே பிடிக்க.

சாயங்காலம் முழுக்கக் காற்று. கொடியில் அவளுடைய மஞ்சள் துண்டு இன்னும் கிடக்கிறது. எடுக்கவில்லை.

10 ஜூலை, வியாழன்

பைக்கில் 5.55க்கு விலக்கு. விடியாத வெளிச்சம். ஒரு நாய், மூடிக் கிடந்த பெட்டிக்கடை. அறிவிப்பை நிழற்குடைத் தூணில் ஒட்டினேன். கோணல். பிய்த்து மறுபடி.

6.10க்குப் பஸ். மெஷின் கணக்குப்படி இங்கே முப்பது பேர் நிற்க வேண்டும். நான் மட்டும் நின்றேன்.

பஸ் உள்ளேயிருந்து வந்தது. நிறைந்து வந்தது. அநேகமாக எல்லாம் பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, பாதிப் பேர் தூக்கம். பஸ் நின்றது. கண்டக்டர் முத்துப்பாண்டி அண்ணன் படியில் சாய்ந்துகொண்டு மெஷினை எடுத்தார். இலவச டிக்கெட்டை வரிசையாக அடிக்க ஆரம்பித்தார். கிழித்துக் கிழித்து முன் சீட்டுப் பெண்ணிடம் கொடுக்க, அது கை மாறிப் பின்னால் போனது.

"அண்ணே, இவங்க எங்க ஏறுனவங்க?"

"காலனியிலதான். உள்ள ரோடு கெடக்குற கெடைக்கு நின்னு அடிக்க முடியுமா தம்பி? மெஷின் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். அதுக தூங்கட்டும்னு விட்டுட்டு இங்கன வந்து மொத்தமா அடிச்சிருவேன். எம்புட்டு வருசமா இப்படித்தான்."

ஆக எல்லோரும் விலக்கில் ஏறுவதாக மெஷின் சொன்னது. நான் நம்பினேன்.

பஸ் போன பிறகுதான் கவனித்தேன், அறிவிப்பை ஒட்டியபடியே விட்டிருக்கிறேன். மறுபடி கிழித்தேன்.

ஆபீசில் என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம், "கள ஆய்வு செய்யப்பட்டது." கீழே என் கையெழுத்து. மே மாதம். நான் போகவில்லை. காரியம் முடிந்து வேலைக்கு வந்த முதல் வாரம். வீட்டில் உட்கார முடியாமல் இரவும் பகலும் எண்களோடு இருந்தேன். எண்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூட.

ராத்திரிச் சாப்பாடு: பிஸ்கட்.

11 ஜூலை, வெள்ளி

5.50, காலனி. பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு தலையாக எண்ணி நோட்டில் கோடு. 31 பேர். இரண்டு பேர் ஆண்கள், மற்றவர்கள் கப்பலூர்க் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள். 7 மணி ஷிஃப்ட்.

நானும் பஸ்ஸில் ஏறினேன். என்னை அதிகாரி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நோட்டும் சட்டையும். பாண்டிச்செல்வி என்று ஒரு பெண், என் வயது இருக்கும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் பஸ்ஸ வெட்டுற ஆளா?"

"யார் சொன்னா?"

"கண்டக்டர் அண்ணே சொல்லிருச்சு. திங்கக்கெழமையில இருந்து விலக்குக்கு அஞ்சம்பதுக்கே வந்திருமாமே. அப்ப நாங்க அஞ்சு மணிக்கே கருவேலங்காட்டுக்குள்ள நடக்கணும். எங்க கூட நீங்க வாரீகளா, லைட்டு அடிச்சுக்கிட்டு?"

பின்னால் சிரிப்பு. ஒருத்தி, "ஏய், சார் பயந்துரப் போறாரு" என்றாள். "பயப்படட்டும்டி, நாய் வெரட்டுனா தெரியும்" என்றாள் இன்னொருத்தி.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. மாதத்தில் மூன்று நாள் லேட் ஆனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்களாம். அவளுக்கு இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள். "இன்னொண்ணு ஆச்சுன்னா வேற ஆளு போட்டுருவாக சார். வேலைக்கு ஆளா இல்ல?"

நான் பிறந்த தெருவுக்கும் பஸ் வராது. மெயின் ரோட்டோடு திரும்பும். அம்மா களையெடுக்கப் போகும்போது அதுவரை நடந்துதான் பஸ் ஏறுவாள். அதே மாதிரி மெயின் ரோட்டோடு பஸ்ஸைத் திருப்ப நான் கோடு போட்டிருக்கிறேன், கம்ப்யூட்டரில், நேராக.

ஹேமா பழங்காநத்தம் லேபுக்கு வேலைக்குப் பஸ்ஸில் போவாள். நான் பைக். "பஸ்ஸுல ஏறாத ஆளுதான் பஸ்ஸுக்கு டைம் போடுது" என்று எல்லோரிடமும் சொல்வாள். நல்ல ஜோக் என்று நானும் சிரிப்பேன்.

மதியம் 2.30, தங்கராஜ் சார் அறை. சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"மெஷின் தப்புங்கிறியா?"

"மெஷின் சரி சார். அடிக்கிற எடம் தப்பு."

"அப்ப கண்டக்டர் தப்பு. அந்தாளுகிட்ட எழுதி வாங்கிட்டு வா, நான் ஒரு மணி நேரத்துல மாத்தித் தாரேன். இல்லைன்னா மேல எதைக் காட்டுவேன்? இன்னொண்ணு, கோச்சடை நடைய நிப்பாட்டக் கூடாது. ஸ்கூல்காரங்களுக்குச் சொல்லியாச்சு. ஒரு மாசம் ஓடட்டும்ப்பா, அப்புறம் பாப்போம்."

ஒரு மாதம். பாண்டிச்செல்விக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

8 மணி. ஹேமாவின் அம்மா போன். தினமும் இந்த நேரம்.

"மாப்ளை, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் அத்தை."

"என்ன சாப்ட்டீங்க?"

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. தோசை என்றேன்.

12 ஜூலை, சனி

காலனியில் இன்று 29.

பஸ்ஸிலேயே பழங்காநத்தம் வரை போனேன். டிரைவர் கருப்பையா அண்ணனும் முத்துப்பாண்டி அண்ணனும் டிபன் சாப்பிடும் கடை. அங்கே அவர்களுக்கு 20 நிமிட நிறுத்தம். எனக்கும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னார்கள். சாப்பிட்டேன். சூடாக இருந்தது. சூடாகச் சாப்பிட்டு எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.

எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். முத்துப்பாண்டி அண்ணன் கை சட்னியிலேயே நின்றது.

"டிக்கெட்ட எடம் மாத்தி அடிச்சேன்னு நானே எழுதித் தரணுமா? மறுநாளே மெமோ. அடுத்த வருசம் ரிட்டயர்டு தம்பி நான். அதுக தூங்கட்டும்னு விட்டது ஒரு குத்தமா?"

"குத்தம்னு சொல்லலண்ணே."

"காகிதம் சொல்லும்ல."

அவர் சொன்னது சரி. அவர் எழுதினால் பஸ் பிழைக்கும், அவர் மாட்டுவார். எழுதாவிட்டால் பாண்டிச்செல்வி.

கருப்பையா அண்ணன் எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"இப்ப ஒனக்கு என்னதான் வேணும் மாப்ள? ஆளா, நேரமா?"

"நேரம். காலனிக்கும் போகணும், கோச்சடைக்கும் போகணும். இருபது நிமிசம்."

"இந்தா உக்காந்து தின்னுக்கிட்டிருக்கோமே, இது எம்புட்டு?"

20 நிமிடம். என் அட்டவணையில் "ஓய்வு" என்று இருந்தது. தொடக்கூடாத இடம் என்று நானே வேலி போட்டிருந்தேன்.

"இட்லிய கையில குடுத்தா அஞ்சு நிமிசத்துல தின்னுருவேன். இங்கன எலை போட்டு, சாம்பாருக்குக் காத்துக்கெடந்து, அதுதான் இருபது ஆகுது."

நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஓய்வு 20க்குப் பதில் 6, அதில் 14. காலனியில் பஸ் 10 நிமிடம் சும்மா நிற்கிறது, அதை 4 ஆக்கினால் 6. மொத்தம் 20. காலனியில் 6.00க்குப் பதில் 5.54க்குக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். இரண்டு மாதம் கம்ப்யூட்டரில் தேடியது.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து கரைப்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிப் பாண்டிச்செல்வியிடம் கேட்டேன். ஆறு நிமிடம் முன்னால் வர முடியுமா?

"அடுப்ப ஆறு நிமிசம் முன்னாடி பத்த வைக்கணும், அம்புட்டுதானே. இட்லி நாங்க மொறை போட்டுக் கட்டியாரோம். டிரைவர் அண்ணனுக்கு எத்தன?"

"எட்டு" என்று முன்னாலிருந்து கருப்பையா அண்ணன். "சட்னி கெட்டியா இருக்கணும். ஸ்டியரிங்குல ஒழுகுனா விலக்கோட எறக்கி விட்ருவேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேனோ என்னவோ. கன்னம் வலித்தது.

13 ஜூலை, ஞாயிறு

வெயில் காலையிலேயே.

10 மணி. அத்தை வந்தார்கள். புளியோதரை, டப்பா நிறைய. ஹேமாவின் சேலைகளை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார்கள். சரி என்றேன். "உங்களுக்கு வேணுங்கிறத எடுத்து வச்சுக்கங்க மாப்ளை." எதுவும் எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை.

ஒவ்வொன்றாக மடித்தார்கள். மடிக்கும்போது தங்கள் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே. சேலையிடம் பேசுவதுபோல. கல்யாணமாகி நாலு வருஷத்தில் சௌராஷ்டிராவில் எனக்கு வா, போ, சாப்பிடு, போதும். நாலு சொல். ஹேமா சொல்லிக் கொடுத்து நான் உருப்படவில்லை. அத்தை சொன்னதில் "வா" மட்டும் புரிந்தது. இரண்டு தடவை வந்தது.

போகும்போது வாசலில் நின்று, "நீங்க தோசை சாப்பிடலைன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள்.

டப்பாவைத் திறந்து நின்றபடியே பாதி சாப்பிட்டேன்.

2 மணிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் "டிக்கெட் பதிவில் ஏற்பட்ட வேறுபாடு" என்று வந்தது. அடித்தேன். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி யார் என்பதுதான்.

கடைசியாக எழுதியது:

"என் அறிக்கையில் கள ஆய்வு செய்யப்பட்டதாக எழுதியிருந்தேன். நான் கரைப்பட்டிக்குப் போகவில்லை. இப்போது போய் இரண்டு நாள் எண்ணினேன். காலனியில் ஏறுபவர்கள் 31, 29. தவறு என்னுடையது. திருத்திய அட்டவணை இணைப்பில். ஓய்வு நேரக் குறைப்புக்கு டிரைவர், கண்டக்டர் சம்மதக் கையெழுத்து உள்ளது. கோச்சடை நடையில் மாற்றம் இல்லை. கூடுதல் டீசல்: விலக்கு முதல் காலனி வரை, இப்போது ஆகும் அதே அளவு."

சம்மதத் தாளில் முத்துப்பாண்டி அண்ணன் நேற்றே கையெழுத்துப் போட்டார். இட்லிக்கு என்றால் போடுவேன் என்றார்.

ஹேமா பெயரை எழுதவில்லை. மே மாதம் ஏன் போகவில்லை என்று காரணம் எழுதவில்லை. எழுதினால் பாவம் என்று விட்டுவிடுவார்கள். அது வேண்டாம்.

4.05க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 4.20க்கு சார் பார்த்துவிட்டார். நீல டிக். பதில் இல்லை.

7.10க்கு மெசேஜ்: "பொய்க் கையெழுத்துன்னு நீயே எழுதிக் குடுத்துருக்க. இந்த மாசம் உன் கான்ட்ராக்ட் ரினீவல், ஞாபகம் இருக்கா? லெட்டர வாபஸ் வாங்கு. நாளைக்குப் பழைய ஒப்புதல்படி ஓடட்டும். காலையில பேசுறேன்."

மூன்று முறை படித்தேன். நல்லதற்குத்தான் சொல்கிறார்.

கேஸ் இன்னும் புக் செய்யவில்லை.

14 ஜூலை, திங்கள்

4.40 டிப்போ. டைம் கீப்பர் மேசையில் ஒப்புதல் வந்த தாள் இருந்தது. கரைப்பட்டி விலக்கு, 5.50, என் கையெழுத்தோடு. திருத்திய தாளை அதன் மேல் வைத்தேன்.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "மேனேஜர் கையெழுத்து இல்லயே தம்பி."

"என்னோடது இருக்குண்ணே. பழசைப் போட்டவனும் நான்தான். தப்புன்னு எழுதியும் குடுத்துட்டேன்."

"அவரு கேட்டா?"

"நான் இங்கனதான் இருப்பேன். எங்கிட்ட அனுப்புங்க."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே கருப்பையா அண்ணன் இன்ஜினைப் போட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னப்பா, காலனியா விலக்கா? சொல்லுங்க, இட்லி ஆறுது."

டைம் கீப்பர் பெருமூச்சு விட்டார். புதுத் தாளில் சீல் வைத்து, அடியில் "தயாரித்தவர் பொறுப்பில்" என்று எழுதினார். எழுதட்டும்.

5.05க்குப் பஸ் கிளம்பியது. முத்துப்பாண்டி அண்ணன் படியிலிருந்து மெஷினைத் தூக்கிக் காட்டினார். காலனியிலேயே அடிப்பாராம். நின்றுகொண்டே, விழுந்தாலும் சரி.

டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

6.31. பாண்டிச்செல்வி போன். கப்பலூர் கேட்டுக்குள் போய்விட்டாளாம். பின்னால் சத்தம், யாரோ சட்னியைப் பற்றி. "சார், நாளைக்கும் வரும்ல?" என்று கேட்டாள். வரும் என்றேன். எனக்குத் தெரியாது.

6.40. சார் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

6.42. மறுபடி. எடுத்தால் வாபஸ் என்று சொல்லிவிடுவேன். மூன்று மாதமாக யார் எது சொன்னாலும் சரி என்றுதான் வருகிறது வாயில். எட்டு மணிக்கு அவர் வந்ததும் நேரில் பேசலாம். முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல வரும். வர வேண்டும்.

6.47. போனை அணைத்துவிட்டேன்.