பனி நிற்காத கூரை

டுலூத், 9 ஜனவரி 1994

அன்புள்ள லோர்னா,

நலம். உன் அக்கா வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கிவிட்டேன். சமையலறை, சன்னல்கள் எல்லாம் புதிது. வீட்டுச் சூடு வெளியே போகாமலிருக்கப் பரணில் அப்பாவும் நானும் பரப்பிய கண்ணாடிப் பஞ்சை மட்டும் தொடப்போவதில்லை. தெருவெங்கும் கூரைகளில் முழங்கால் உயரப் பனி. நம் கூரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எதிர்வீட்டு ஹேரால்டு மூச்சிரைக்கப் பனி வழித்துக்கொண்டே, "உனக்கு மட்டும் எப்படிப்பா?" என்றான். "பஞ்சு போட்ட கை அப்படி!" என்றேன்.

நீ எப்போது வீடு திரும்புவாய்?

உன் ஆர்விட்

ஃபார்கோ, 16 ஜனவரி

ஆர்விட்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் அக்காவுக்குப் புரையேறிவிட்டது. அட மனுஷா, வீட்டுச் சூடெல்லாம் பரண் வழியாக வெளியேறித்தான் அந்தப் பனி உருகுகிறது! நல்ல வீட்டின் கூரையில் பனி அப்படியே கிடக்கும். பதினோரு குளிர்காலம் கம்பளித் தொப்பியோடு தூங்கினேனே, அழகுக்கா? "குளிருது" என்றால், "இன்னொரு ஸ்வெட்டரப் போடு" என்பாய். பஞ்சை மாற்று.

லோர்னா

டுலூத், 6 பிப்ரவரி

அன்புள்ள லோர்னா,

உன் பேச்சை நம்பாமல்தான் வீட்டைச் சோதிக்க ஆள் கூப்பிட்டேன். அவர் பரணிலிருந்து தும்மிக்கொண்டே இறங்கினார். "எலிங்க குடும்பம் நடத்துது சார். மேல புதுசு போட்டு மூடலாம், ஆனா அடியில ஒரே ஈரம்" என்றார். மூடவில்லை. முகமூடி கட்டிக்கொண்டு மூன்று நாள் மூட்டை மூட்டையாக அள்ளி இறக்கினேன். அப்பா போட்டதாயிற்றே என்று வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது புதுப் பஞ்சு. சோதிக்க வந்தவர் சொன்னது சரிதான், வீடு கதகதப்பாக இருக்கிறது. வந்துவிடேன்.

உன் ஆர்விட்

ஃபார்கோ, 13 பிப்ரவரி

ஆர்விட்,

சந்தோஷம், நிஜமாகவே. ஆனால் கோபமும் வருகிறது. சோதிக்க வந்தவர் அரைமணி நேரம் பரணில் இருந்துவிட்டுச் சொன்னார், நம்பினாய். நான் அதன் அடியில் பதினோரு வருடம் படுத்துக்கிடந்து சொன்னேன். நான் கிளம்பியது குளிருக்காக என்றா நினைத்தாய்?

லோர்னா

டுலூத், 20 பிப்ரவரி

லோர்னா,

நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். குளிருக்காக என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. நான் காதில் வாங்காமல் விட்டவை இன்னும் என்னென்ன? எல்லாவற்றையும் எழுது.

ஆர்விட்

ஃபார்கோ, 25 பிப்ரவரி

அன்புள்ள ஆர்விட்,

எழுதினால் கை ஒடிந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் வருகிறேன், நேரில் சொல்கிறேன். தங்குவதா என்பதைப் பிறகு பார்க்கலாம். நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

உன் லோர்னா