நித்யா இல்லாத பதினான்காம் அத்தியாயம்

ஜூலை 8, செவ்வாய்

விடாத தூறல். கட்கி சுரங்கப்பாதையில் தண்ணீர். ஆபீஸ் பஸ் தாமதம். குடையில் ஒரு கம்பி போயிற்று, சரிசெய்யக் கொடுக்க வேண்டும்.

எரவாடா வரும்போது இன்றும் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்தேன். நித்யா ஏறவில்லை. மே மாதத்திலிருந்து எங்கள் ஆபீஸ் அஸ்வினின் காரில்தான் போகிறாள். தெரியும். ஆனாலும் பை.

காதில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. போனில் கேட்டுவந்த உளவாளி நாவல் பதினான்காம் அத்தியாயத்தில் அப்படியே நிற்கிறது. உளவாளி பாலத்தின் மேல், பனியில். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்ட புத்தகம். "நீ இல்லாம நான் கேக்க மாட்டேன், நான் இல்லாம நீ கேக்கக் கூடாது, ஓகேவா?" நி. போட்ட சட்டம்.

படிக்கிறவரின் வெள்ளைக்கார உச்சரிப்பு எனக்குப் பாதிதான் பிடிபடும். அவள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வாள். பதிலுக்கு ஆட்டோக்காரர், காய்கறிக்காரி, வீட்டுக்காரர் எல்லோரிடமும் அவளுக்காக என் இந்தி, என் மராத்தி. சென்னையிலிருந்து வந்த புதிதில் சாலை கடக்க என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வாள்.

ஜூலை 9, புதன்

கேன்டீன். தூணுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நி., அஸ்வின், அவர்கள் கூட்டம். என்னைப் பார்க்கவில்லை.

அஸ்வின்: "கார்ல கேக்க நல்ல ஆடியோபுக் இருந்தா சொல்லேன்."

நி.: "அந்த ஸ்பை புக் மட்டும் தொட்றாத. செம மொக்க. கடைசில பாஸ்தான் துரோகியாம். ஏப்ரல்ல ஊருக்குப் போறப்பவே ட்ரெயின்ல முடிச்சுத் தூக்கிப் போட்டேன்."

"நீயும் தேவியும் பஸ்ல கேட்டீங்களே, அதுவா?"

"ஆமாடா. பாவம் அவ. லைனுக்கு லைன் அர்த்தம் சொல்லணும். அப்புறம் எந்த ஜென்மத்துல முடிக்கிறது?"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

டப்பாவைத் திறக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா: "இன்னாடி, டப்பா அப்டியே கீது? ஆலூ சப்ஜி புடிக்கலியா?"

"பசிக்கலம்மா."

"பஸ்லயே குந்திக்கினு இருந்தா வாயுதான் புடிக்கும். ஓமத்தண்ணி போட்டுத் தர்றேன்."

குடித்தேன். அழுததற்கும் ஓமத்தின் காரத்தைச் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரலில் முடித்திருக்கிறாள். புத்தாண்டுக்குப் போய் வந்த பிறகும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாளே. கதையில் பூட்டிய அறைக்குள் கடிதம் வைத்தது யாரென்று நான் ஊகித்தபோது, "ஹே, செம கெஸ்டீ!" என்று தொடையில் தட்டினாள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே தட்டியிருக்கிறாள்.

இரக்கமா அது? இரக்கம் என்றால் இன்னும் வலிக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். பையை மடியில் வைத்துக்கொண்டேன். எரவாடாவில் ஆபீஸ் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் தூக்கம்.

பதினான்காம் அத்தியாயத்தைத் தனியாகப் போட்டேன்.

மகா மோசம். பாலத்தின் மேலேயே நிற்கிறான். திட்டத்தைத் தனக்குத்தானே ஒருமுறை சொல்கிறான், போனில் ஒருமுறை, மறுபடி மனதுக்குள். பெண் பேசினால் படிக்கிறவர் மூக்கால் படிக்கிறார். கதை திடீரென இந்தியா வருகிறது: ஒட்டகம், பாம்பாட்டி, எதற்கென்று தெரியாமல் மாங்காய் ஊறுகாய்.

இதில் ஆச்சரியம், எல்லாம் எனக்குப் புரிந்தது. ஒரு வாக்கியம் விடாமல். எப்போதிருந்து என்று தெரியவில்லை.

நன்றாக இருந்ததெல்லாம் புத்தகத்தில் இல்லை. "இந்த லூசு ஏன்டி எப்பவும் கோட்டோடயே தூங்கறான்?" என்று நி. கேட்பாளே, அது. நிறுத்திவிட்டு அவள் சொன்ன கதை.

கராடி திருப்பத்தில் புத்தகத்தைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் பாலத்திலேயே நிற்கட்டும்.

எடுத்த பிறகுதான் உறைத்தது: இனி அவளிடம் "எப்போ கேக்கலாம்?" என்று கேட்கக்கூட ஒரு சாக்கு இல்லை.

ஜூலை 12, சனி

துணி காயவில்லை. அப்பாவின் பாக்டரி சட்டையை விசிறிக்கு அடியில் போட்டிருக்கிறது.

காலையில் நி. போன். எத்தனை நாளுக்குப் பிறகு! "தேவி, செல்லம், வீட்டு ஓனர் வர்றார்டீ. இந்தின்னா நானே சமாளிப்பேன், இவர் மராத்திய விட்டு எறங்க மாட்டேங்கறார். ப்ளீஸ் வாயேன்." தலைவலி என்று சொல்ல நினைத்தேன். நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன்.

சமையலறைச் சுவரில் மழை ஒழுகுகிறது. அதுதான் விஷயம். ஓனருக்காக வாசலில் காத்திருந்தபோது நானாகவே ஆரம்பித்தேன்.

"அந்த புக்கை நான் விட்டுட்டேன்."

"எந்த புக்?"

சொன்னேன்.

"ஓ, அதுவா! இன்னுமா அதைக் கேட்டுட்டு இருந்த?" போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். ட்ரெயினைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஓனர் வந்தார். வெள்ளைக் குல்லாய், மரியாதையான மனிதர். சுவரைப் பார்த்தார், ஆள் அனுப்புவதாகச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "ஹீ துஜீ மைத்ரீண் கா?" என்றார். இவள் உன் தோழியா?

ஒரே ஆபீஸ், அவ்வளவுதான் என்று மராத்தியில் சொன்னேன்.

நி. என் கையைப் பிடித்தாள். "என்னடி கேக்கறார்?"

"காலையில தண்ணி ஒழுங்கா வருதான்னு."

"வருது, வருதுன்னு சொல்லு."