தெருவுக்கு வைத்த பெயர்

12-6-2006, திங்கள். குரோம்பேட்டை.

எங்கள் பகுதிக்குத் தபால் நிலையம் வந்ததே என் வீட்டுக்காரர் மனு மேல் மனு போட்டு அலைந்ததால்தான். போன தை மாதம் அவர் போய்விட்டார். தபால் நிலையத்துக்கு அவர் பெயரையே வைப்பதாகக் கவுன்சிலர் சொன்னார். பிறகு, "அது சென்ட்ரல் கவர்மென்ட்டும்மா, நம்ம கையில இல்ல" என்றார். நகராட்சியில் தீர்மானம் போட்டு, எங்கள் தெருவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பலகை திறந்த அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த வெயிலில் சால்வை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

இன்று மத்தியானம் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய ஏஜென்சிக்குப் போன் செய்தேன்.

"தெரு பேரு மாறிடுச்சாமே, புதுப் பேரு சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்றாள் அந்தப் பெண்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் மகன்தான் சொல்வான். அவன் ஆபீஸில் இருந்தான். மெல்லச் சொன்னேன்.

"கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா."

சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்பினேன். அங்கிருந்து யாரும் "என்ன?" என்று கேட்கவில்லை.

சிலிண்டர் புதன்கிழமை வருமாம்.