ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்த இஞ்சின்

3 அக்டோபர் 1994, திங்கள்

அன்புள்ள இல்போ,

நீயும் உன் கப்பலும் நலமாக இருக்க வேண்டும். குழந்தை வில்யாவும் நானும் நலம். இதை நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் தயவுசெய்து முதலில் உட்கார்.

நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மழை விட்டது. உருளைக்கிழங்கு நிலவறைக்குள் போய்விட்டது. வில்யாவுக்கு அந்தக் குரைக்கிற இருமல் போன மாதம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. போர்வையில் சுற்றி வெளியே குளிர்காற்றில் தூக்கிக்கொண்டு நின்றேன், அடங்கிவிட்டது. மருத்துவமனைக்கு எழுபது கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கவில்லை.

இனி மற்றது. நம் வண்டி கொட்டகையில் நிற்கிறது. இஞ்சின் இல்லாமல் நிற்கிறது.

திருடு போகவில்லை. நான்தான் கொடுத்தேன். உன் அக்கா மார்க்கெத்தாவின் பந்தய வண்டி வியாழக்கிழமை உயிரை விட்டது உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மார்க்கெத்தா வந்து நம் சமையலறையில் அழாத குறையாக உட்கார்ந்தாள். இரண்டும் ஒரே மாதிரி வண்டிதானே, உங்க இஞ்சினை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடு, திங்கட்கிழமை திரும்ப மாட்டித் தருகிறோம் என்றாள். பட்டறைக்காரர் காவ்கோவும் கூடவே வந்திருந்தார். இந்தக் குளிர்காலத்துக்கு நம் வண்டி தாங்காது என்று நீ எழுதியதைச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்! "மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின இஞ்சின்மா இது. சாகணும்னா எப்பவோ செத்திருக்கும். கடல்ல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?" என்றார். "பந்தயத்தை விடப் பெரிய பரீட்சை உண்டா? அதுல தாங்கிட்டா உன் தம்பிக்காரன் வாயே திறக்க மாட்டான்," என்று மார்க்கெத்தாவிடம் வேறு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. நீ எழுதியது தப்பு என்று நிரூபிக்க வேண்டும் என்ற ஆசை.

அவள் மூன்றாவதாக வந்தாள் இல்போ! எட்டு வருஷத்தில் கடைசிக்கு முந்தின இடத்தைத் தாண்டாதவள். சந்தோஷத்தில் வண்டியிலிருந்து குதித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நான் வில்யாவைத் தோளில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அவள் வண்டி எண்ணைப் படித்தார்கள். நாலு பேர் வாங்கச் சீட்டுப் போட்டிருக்கிறார்களாம்.

பந்தயத்தில் ஓடிய எந்த வண்டியையும், அன்று ஓட்டிய எவரும் எல்லா வண்டிக்கும் வைத்திருக்கிற அந்த ஒரே விலைக்குக் கேட்கலாம், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், பலர் கேட்டால் குலுக்கல் என்ற விதி எங்கள் மூவருக்கும் தெரியாதா? தெரியும். உன் அக்கா வண்டியை எட்டு வருஷமாக எவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அது ஜெயிக்கிற மாதிரி ஓடினால் கேட்பார்கள் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்லூரியில் புள்ளியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை.

சீட்டு விழுந்தது பக்கத்து ஊர் ஆர்வோவுக்கு. ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். இன்று அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். காப்பி கொடுத்தார், இஞ்சின் கொடுக்கவில்லை. "நானா உன் வீட்டுக்கு வந்து கழட்டிட்டுப் போனேன்? சீட்டுல விழுந்துச்சு. பதினாறாம் தேதி கடைசிப் பந்தயம், அதே வண்டியிலதான் வரேன். வேணும்னா நீயும் ஓட்டு, நீயும் சீட்டுப் போடு," என்று சிரித்தார்.

வேறு வண்டி வாங்கு என்பாய். குழந்தை மூச்சுக்குத் திணறும்போது, எனக்கு இன்னும் பழகாத ஒரு வண்டியின் சாவியைத் திருப்ப என் கைக்குத் தைரியம் வராது. இஞ்சின் திரும்பும்வரைக்கும் காவ்கோ தன் இழுவை வண்டியோடு நம் வாசலில் இருப்பார், அவருக்கு எங்கிருந்தும் அழைப்பு வராதவரை.

மார்க்கெத்தாவுக்குக் கையில் கட்டு. காவ்கோ பந்தயத்தில் கொடி காட்டுகிறவர், அவர் சீட்டுப் போடக் கூடாது. ஆகவே நாளை மாலை நான் பந்தய உரிம வகுப்புக்குப் போகிறேன். எண்பதுக்கு மேல் போகாதே என்று உன்னையே திட்டுகிறவள் நான். கோபித்துக்கொள்ளாதே. எனக்காக வேண்டிக்கொள்.

உன்,
ஹென்ரீக்கா


21 அக்டோபர் 1994, வெள்ளி

அன்புள்ள இல்போ,

வில்யா தூங்குகிறாள். மூச்சு சீராக வருகிறது. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

பதினாறாம் தேதிப் பந்தயத்துக்குக் காவ்கோ தன் பழைய வண்டியைக் கொடுத்தார். இதையும் எவராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றேன். "இதையா? கேக்கிறவனுக்கு நான் விருந்தே வைக்கிறேன்," என்றார். போன தடவையும் இப்படித்தான் சொன்னோம் என்று நினைவுபடுத்தினேன். சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உன் தலைக்கவசம், உன் கையுறை. பெண்கள் பிரிவில் ஆறு பேர். கொடி விழுந்ததும் கண்ணை மூடிவிட்டேன் என்று மார்க்கெத்தா ஊரெல்லாம் சொல்கிறாள், நம்பாதே, ஒரு கணம்தான். முதல் வளைவில் சேறு கண்ணாடியை அடைத்தது. நான் நிறுத்தப் பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்காமல் பக்கவாட்டில் போய் செய்யா என்கிற பெண்ணின் வண்டியை நேராக வேலிக்குள் தள்ளியது. கடைசியாகத்தான் வந்தேன். ஆனால் ஓட்டி முடித்தேன். சீட்டுப் போட அது போதும்.

ஆர்வோ தன் பிரிவில் முதலாவது! நம் இஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. அதனால்தான் ஒன்பது சீட்டு. ஒன்பதில் ஒன்று. இந்தக் கணக்குக்குக் கல்லூரி வேண்டாம்.

குலுக்கி எடுத்தார்கள். வந்தது என் பெயர் இல்லை. நான் வேலியில் தள்ளிய செய்யாவின் பெயர்.

சேறு காயாத முகத்தோடு அவள் நேராக என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "வேலியில போய் உக்காந்தப்ப உன்மேல எனக்கு வந்த கோபம் இருக்கே! காவ்கோகிட்ட போய் யாரு இந்தப் பைத்தியம்னு கேட்டேன். உன் பொண்ணு இருமலைச் சொன்னார். எனக்கும் ரெண்டு இருக்கு, ஒண்ணு அப்படித்தான் குரைக்கும். அதான் உனக்காக ஒரு சீட்டு அதிகமா இருக்கட்டும்னு போட்டேன். என்ன விலைக்கு விழுந்துச்சோ அதைக் கொடு, வண்டியை எடுத்துட்டுப் போ," என்றாள். ஆர்வோ கொடுத்த பணத்தோடு மார்க்கெத்தா பத்திரமாக வைத்திருந்த உறையை அப்படியே கொடுத்தோம். நன்றி சொல்ல விடவில்லை. "நிபந்தனை ஒண்ணு. மே மாசப் பந்தயத்துக்கு நீ வரணும். உன்னைத் திருப்பி வேலியில தள்ளாம எனக்குத் தூக்கம் வராது!"

ஆர்வோ தானாகவே வந்து இஞ்சினைக் கழற்றி நம் வண்டியில் திரும்ப மாட்ட உதவினார். போகும்போது ஒரு ரொட்டியை வைத்துவிட்டு, "உன் புருஷன்கிட்ட சொல்லு, இந்த இஞ்சினைக் குறை சொன்னா நான் சும்மா விடமாட்டேன்னு," என்றார். சொல்லிவிட்டேன்.

நேற்று விடியற்காலையில் வில்யாவுக்கு அந்த இருமல் வந்தது. வெளியே தூக்கிப் போயும் அடங்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது. பனி, மைனஸ் ஒன்பது டிகிரி. சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு, இல்போ. காட்டுப் பாதையில் அந்தச் சரளை வளைவில் வண்டி வழுக்கியபோது இந்தத் தடவை நான் மிதிக்கவில்லை. சக்கரத்தைத் திருப்பிப் பிடித்துப் போக விட்டேன், அது தானாக நேராகிவிட்டது. மருத்துவமனையில் மூச்சுக்கு மருந்து கொடுத்தார்கள், மதியம் அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது அதே வளைவில், "இன்னொரு வாட்டி வழுக்கும்மா," என்கிறாள் உன் மகள்.

ஏப்ரல் வரை கப்பலிலேயே இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. வண்டி இந்தக் குளிர்காலத்தைத் தாங்கும். அதைப் பற்றி நீ இனிக் கவலைப்பட வேண்டாம். நான் வண்டியைப் பற்றி மட்டும்தான் உறுதி சொல்கிறேன்.

கடலும் காற்றும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கிறிஸ்துமஸுக்குள் வரப் பார். உன் தலைக்கவசத்தைச் சேறு போகக் கழுவிக் கதவருகே மாட்டியிருக்கிறேன். எனக்கு அது கொஞ்சம் பெரிது. மே மாதத்துக்குள் எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும். கடையில் நீயும் கூட வந்து நின்று, எது சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

உன்,
ஹென்ரீக்கா