குமார் மாமா வீட்டு நோட்டில் நான் போட்ட கையெழுத்து

என் தொப்பிக்கார நைனாவுக்கு,

நீ சாமியிடம் போன பிறகு வீட்டில் என்னை அதட்ட ஆளில்லை. அதனால் கொஞ்சம் அதிகமாகவே ஆடிவிட்டேன். கேட்டால் அடிப்பாய். அடிக்கவாவது ஒருமுறை வந்துவிட்டுப் போயேன்?

உன் ஸ்டேஷனுக்கு இன்னும் அதே ஒரு பைக்தான். சுற்ற வேண்டிய ஊர்கள் மட்டும் குறையவில்லை. வெளியூர் போகிறவர்கள் இப்போதும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, கேட்டில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டுப் போகிறார்கள். ரோந்து வரும் போலீஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நீ பூட்டை இழுத்துப் பார்த்து, பின்பக்கம் போய், ஓடுகளை எண்ணாத குறையாக நின்ற பிறகுதான் பேனாவையே எடுப்பாய்.

உன் இடத்துக்கு முரளி அண்ணன் வந்திருக்கிறார். புதுசு. ஒருநாள் விளையாட்டுக்கு எதிர்வீட்டு நோட்டில் அவர் கையெழுத்தை அப்படியே போட்டுவைத்தேன். திட்டுவார் என்று பார்த்தால், "என்னவிட நல்லா போட்டுகீறியே!" என்று சிரித்தார். அங்கேதான் வந்தது வினை.

போன வாரம் நம் தெருவில் தறி நெய்கிற குமார் மாமா, குடும்பத்தோடு வெம்பாக்கத்துக் கல்யாணத்துக்குப் போனார். அன்றைக்கு முரளி அண்ணனைத் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து எனக்குப் போன்.

"ஜனனி, இங்க ஒரே பேஜாரு. ஜல்தியா போயி குமாரண்ணன் ஊட்டு நோட்டுல நாலு மணின்னு எழுதி என் கையெழுத்த போட்டுடும்மா."

போட்டேன். 'முன்பக்கம், பின்பக்கம் சரி' என்று உன் பாணியில் எழுதியும் வைத்தேன். பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு மாமா வந்து திறந்தால், பின்பக்க ஓடு பிரிந்து கிடந்தது. முதலாளி நெய்யக் கொடுத்த பட்டும் ஜரிகையும் காணோம். இன்ஸ்பெக்டர் மேடம் நோட்டைப் பார்த்தார். நாலு மணிக்குப் போலீஸே 'சரி' என்று எழுதியிருக்கிறது. ஐந்து மணிக்கு இவர் வந்திருக்கிறார். நடுவில் ஓட்டைப் பிரித்தது யார்? பட்டை விற்றுவிட்டு நாடகம் ஆடுகிறார் என்றார் முதலாளி.

முரளி அண்ணன் சந்து முனையில் என்னைப் பிடித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "வாயத் தொறந்துடாத கண்ணு. என் வேல பூடும்."

ஏட்டு மகள் வைத்த வேட்டு, நைனா. ஒருவருக்கு வேலை போகும், இல்லாவிட்டால் இன்னொருவருக்கு ஜெயில். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? இரண்டு நாள் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

இன்று காலை மாமாவை ஸ்டேஷனுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள், ரிமாண்ட் பண்ணப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பள்ளிக்கூடப் பையோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"அந்தக் கையெழுத்து நான் போட்டது, மேடம்."

"ஏட்டு பொண்ணுதானே நீ? இங்கயும் வந்து வெளாட்டா?"

வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "போடு" என்றார். முரளி அண்ணன் கதவோரம் நின்றார். முதல் கையெழுத்து கோழி கிளறியது போல வந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

"போதும், எழுந்திரு."

பெஞ்சில் மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க" என்று கெஞ்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். அப்படியே வந்தது.

மேடம் தாளை நோட்டின் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள், "நான்தான் போடச் சொன்னேன், மேடம்" என்று முரளி அண்ணன் தொப்பியைக் கழற்றினார்.

நாலு மணிக்கு வீட்டை யாருமே பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மாமாவை அனுப்பிவிட்டார்கள். இப்போதுதான் நிஜத் திருடனைத் தேடுகிறார்கள். அண்ணனுக்கு என்ன ஆகுமோ, தெரியவில்லை. என்னை நாளை அம்மாவோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிற்காமல் நடந்தபடியே சொன்னார்: "போலீஸு பாத்துக்கும்னு நம்பித்தாம்மா பூட்டினு போனேன். இனிமே மொதலாளி எனக்கு நெய்யப் பாவு குடுப்பாரா?"

பாவு நூல் இல்லாவிட்டால் தறி ஏது, அவர் வீட்டில் சோறு ஏது? அதனால்தான் இதைத் தெருவே படிக்கும்படி எழுதி, நம் வீட்டுக் கேட்டில் தொங்கவிடுகிறேன். நாளை ஸ்டேஷன் முடிந்ததும் நேராக முதலாளி கடைக்குப் போவேன். வியாபாரிகள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி என் தப்பைச் சொல்வேன். அவர் மாமாவைக் கூப்பிட்டுப் பாவு கொடுக்கும்வரை அந்தப் படியை விட்டு இறங்கமாட்டேன். இது சத்தியம், நைனா.

உன் வாலுப் பெண்,
ஜனனி