சனிக்கிழமை ஆங்கில வகுப்பு

செனாவாங்
ஞாயிறு காலை

அன்புள்ள மகள் நிரஞ்சனாவுக்கு,

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் மெல்பர்ன் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். வாட்ஸ்அப் இருக்க இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை, எழுதினால்தான் ஒழுங்காக வரும். இரத்த அழுத்த மாத்திரை தவறவில்லை. முழங்கால் மட்டும் கோயில் படியில் முனகுகிறது. பின்னால் மிச்சமிருந்த செம்பனை மரங்களை வெட்டி இன்னொரு வீடமைப்புக்கு மண் தள்ளுகிறார்கள், வீடெல்லாம் செந்தூசி, காலையும் மாலையும் துடைக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்குக் கோலா பிலா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று சொன்னேனல்லவா. அவர்களுடைய உண்மைப் பெயர்களை எழுதப் போவதில்லை, காரணம் உனக்கே விளங்கும். மருமகளுக்கு ரதி என்று வைத்துக்கொள்வோம், மாமியாருக்குப் பஞ்சாலை, அந்த உரத்த குரலுக்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. ரதியின் கணவன் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம். ஐந்து வயது மகள், அவளை ரோகினி என்போம், இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை, நினைத்தது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து தலையை மோதிக்கொள்ளும். ஒரு மாலை ரதி அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் கேட்டுக்கு வந்தாள். ஆன்ட்டி, கொஞ்ச நேரம் இவள வச்சிக்குங்க, என் கையில இருந்தா நான் என்ன செஞ்சிருவேனோ தெரியல என்றாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கஷ்டத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டிலிருந்தே ஆலோசகரிடம் போனில் பேசலாம் என்று ஒரு தாளை நீ போன தீபாவளிக்கு வந்தபோது ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாயே, அதைக் காட்டினேன். என் மகளின் வேலை அது என்று சொல்லவில்லை, சொன்னால் கூசிப் பின்வாங்கிவிடுவாள். மாமிக்குத் தெரிஞ்சா எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு ஊரு பூரா சொல்லிரும் ஆன்ட்டி என்றாள். ஆகவே சனிக்கிழமை காலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருவதாக வெளியில் சொல்லிக்கொள்வது என்று முடிவாயிற்று. நான் படித்த கான்வென்டில் பொய் சொன்னவர்களை முழங்காலில் நிறுத்துவார்கள். இந்த ஒன்றைச் சிஸ்டர்மார் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதல் சனிக்கிழமை முன்னறையை அவளுக்குக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு, ரோகினியோடு நான் போர்ச்சில் உட்கார்ந்தேன். முகம் காட்டக் கூச்சம் என்று ரதி போனில் வீடியோவை நிறுத்திவிட்டிருந்தாள். காதில் மாட்டுவது அவளிடம் இல்லை, போன் சத்தமாகவே பேசியது. முதல்ல வசதியா உட்காருங்க, அவசரமே இல்ல என்றது ஒரு குரல். பெற்றவளுக்குத் தெரியாத குரலா அது. உன் அப்பா தோட்ட ஆபீசில் ஆள்கணக்குச் செக்ரோல் எழுதும் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார், குறை சொல்ல வருகிற தொழிலாளி யாராக இருந்தாலும் முதலில் உட்காருங்கள் என்பார். கணக்கெழுதும் கிராணிமாரில் அப்படிச் சொன்னவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான், துரை முகம் சுளித்தும் நாற்காலியை எடுக்கவில்லை. நான் எழுந்து போய்த் தோட்டக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். உன் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அது எனக்காகப் பேசிய பேச்சில்லை. அன்று மத்தியானமே பசாருக்குப் போய் இயர்ஃபோன் வாங்கி முன்னறை மேசையில் வைத்தேன். பிறகுதான் அப்பாவின் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வந்தது. முதல் நாள் அது அடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ஒருமுறை அடித்தால் போதும், எந்த வீட்டுக் கடிகாரம் என்று உனக்குத் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு, வேண்டியவர்களுக்கு நெருங்கியவரிடம் பேசக் கூடாது என்ற உங்கள் விதிப்படி அவளை வேறொருவரிடம் மாற்றத்தான் வேண்டும். அந்தப் பெண் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லத் தொடங்கமாட்டாள், கேட்டோடு திரும்பிவிடுவாள். அதனால் சனிக்கிழமைதோறும் அவள் வருமுன் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

போன ஞாயிறு கோயிலில் அன்னதானம். பந்தியில் எல்லோரும் கேட்கும்படி பஞ்சாலை ஆரம்பித்தார். ஏன் கிராணியம்மா, இவளும் வாரந்தவறாம ஒங்ககிட்ட வர்றா, எஸ்ஸு நோவத் தாண்டக் காணோம் லா, கான்வென்டுப் படிப்பெல்லாம் கரைஞ்சு போச்சா என்றார். பெண்கள் சிரித்தார்கள். என்னிடம் படித்த யாரும் ஆங்கிலத்தில் தோற்றதில்லை என்பது உனக்குத் தெரியும். ரதியின் முகம் வெளுத்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிடுவாள் போலிருந்தது. நான் முந்திக்கொண்டு, பிள்ளை கெட்டிக்காரி, டீச்சருக்குத்தான் வயதாகிவிட்டது என்றேன். சொல்லி முடித்து ஒரு வாய் பாயசம் குடித்தேன், அதுவும் கசந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ தன் கிண்ணத்தை எடுத்துவிட்டார்கள் என்று ரோகினி தரையில் விழுந்து மோதத் தொடங்கினாள். முதுகுல ரெண்டு போடுடி, எல்லாம் அடங்கிரும் என்றார் பஞ்சாலை. ரதி கை ஓங்கவில்லை. பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் தலைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். அவ்வளவுதான். பிள்ளை மோதியது எல்லாம் அந்தக் கையில். மூச்சை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பிள்ளை களைத்து அவள் மடிக்கே ஊர்ந்து வந்தது. பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, பஞ்சாலையும்தான்.

மறுநாள் காலை பஞ்சாலை நம் கேட்டில் நின்றார். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார், கிராணி வீட்டுக்குள் போய்ப் பழக்கமில்லை. கொஞ்சம் புளி கேட்க வந்தவர் போல எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். இங்கிலீசு எனக்கு வேணாம் கிராணியம்மா, கதவச் சாத்திக்கிட்டு அவளுக்குக் குடுக்குறீங்களே ஒரு பாடம், அதுதான் வேணும், நான் அடிச்சே புள்ள வளத்தவ, பால்மரம் வெட்டுன கை, இப்பயும் சும்மா இருக்க மாட்டேங்குது, பேத்தி என்னயக் கண்டா ஒதுங்குறா என்றார். நான் போர்ச்சில் இருந்த நாற்காலியைக் காட்டி, முதலில் உட்காருங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார், பிறகு கேட்டைத் திறந்து வந்து உட்கார்ந்தார்.

நேற்று ரதிக்கு ஆலோசனையின் கடைசி நாள், அதனால்தான் இன்று எழுதுகிறேன். வெளியே வந்து, அந்த மேடம் யாருன்னே தெரியல ஆன்ட்டி, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்றாள். நானும் ஆமாம், நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். பந்தியில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகள் வாங்கிய வீட்டையும் காரையும் சொல்லி முடித்து, உங்க மகளுக்கு என்ன வேலை, கம்ப்யூட்டர்ல பேசிக்கிட்டே இருக்கிற வேலைதானே என்று கேட்கிறார்கள். ஆமாம், பேசுகிற வேலைதான் என்று சொல்லிவிட்டு இலையை மடிக்கிறேன். எனக்குள் இருக்கும் பெருமையை இந்தத் தாளைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நீதானா என்று நான் கேட்கவில்லை. நீயும் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிவிடாதே, எழுதினால் ஒரு மார்க் குறைப்பேன்.

பஞ்சாலைக்கும் அதே ஆலோசனைக்கு அடுத்த மாதம்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். இந்த முறை கடிகாரத்தை நிறுத்தப் போவதில்லை. உங்கள் விதியை ஒரு தடவை வளைத்தேன், இரண்டாம் தடவை அது அழகில்லை. யாரோ ஒருவர் உரத்த குரலில் பேசத் தொடங்கி, பின்னால் அப்பாவின் கடிகாரம் அடித்தால், பக்குவமாக வேறொருவரிடம் மாற்றிவிடு. அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், அப்பாவின் ஆசீர்வாதமும் கூடவே இருக்கும். கழுத்தில் கம்பளி சுற்றாமல் குளிரில் வெளியே போகாதே, வாரக் கடைசியில் சீரகத் தண்ணீர் குடி. உன் தொண்டை இப்போது உனக்கு மட்டும் சொந்தமில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னபூரணம் கந்தையா